மதார் பாயின் தண்ணீர் லாரி

மதார் பாயைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போடப் பேனா மூடியையும் கழற்றியவன் நான். ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் சோலார் பிளான்ட்டைப் பார்க்க வருகிற விருந்தாளிகளிடம், கம்பெனி வேறு ஊர் வேறு இல்லை என்று நான் நீட்டி முழக்கும்போதெல்லாம் அதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஆளின் பெயரைச் சொல்லாமல் விடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். பெயர் நாகநாதன், ஊர் முதுகுளத்தூர், வயது ஐம்பத்திரண்டு. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கருவேல முள் மண்டிக் கிடந்த நிலத்தில் எங்கள் கம்பெனி ஆயிரக்கணக்கில் சோலார் பேனல்களைப் பரப்பி வைத்திருக்கிறது. அதற்கு நான்தான் மேனேஜர். எங்கள் சீமையில் வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சம் இல்லை. அந்த வெயிலையும் ஒருவன் விலைக்குக் கேட்டு வருவான் என்று சொல்லியிருந்தால் எங்கள் அய்யா சிரித்திருப்பார்.

வெயிலோடு கூடவே தூசியும் வரும். பேனல் மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். மின்சாரம் குறைந்தால் சென்னை ஆபீஸிலிருந்து எனக்கு போன் வரும். ஆகவே பேனல்களைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிளான்ட்டுக்குள் இருக்கும் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் மாரியூர்ப் பக்கம் பனங்காட்டு மணலில் இருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கி, லாரி லாரியாகக் கொண்டுவந்து பேனல்களுக்கு ஊற்றினோம். லாரிகள் பாண்டீஸ்வரன் என்ற காண்ட்ராக்டருடையவை. மொத்தம் நான்கு. அதில் ஒன்றை ஓட்டியவர்தான் மதார் பாய்.

அவர் பெரியபட்டினத்துக்காரர். அவருடைய அத்தா பாய்மரத் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். ஆனால் மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. பதினாறு வயதில் முதல் தடவை தோணியில் ஏற்றியபோது, கரை கண்ணுக்கு மறைவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாராம். "எங்க அத்தா என்னயத் திருப்பிக் கரையில விட்டுட்டு, போயி மண்ணுல எதையாச்சும் ஓட்டுடான்னுட்டாக சார்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படித்தான் லாரிக்கு வந்தார். பிறகு அபுதாபி. அங்கே பத்தொன்பது வருடம் பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, மனைவி சபியாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். அங்கே வேலை போனதும், நொந்துபோன இடுப்போடு நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பினார். மூத்த மகள் இஃப்ரா ராமநாதபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கப்பலும் ஏற முடியாது, மூட்டையும் தூக்க முடியாது. பாண்டீஸ்வரனின் லாரி கிடைத்ததை அவர் பெரிய கொடுப்பினையாக நினைத்தார்.

சிடுசிடுப்பான என்னைப் பார்த்தும் தினமும் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாரியூர்க் கிணற்றிலிருந்து பிளான்ட்டுக்கு வரும் வழியில் மாவிலங்கேந்தல் என்று ஒரு சின்ன ஊர். பேனல் கழுவுகிற பன்னிரண்டு பெண்களும் அந்த ஊர்க்காரர்கள். முருகேஸ்வரி அவர்களுக்குத் தலைவி. அந்த ஊருக்கு எங்கள் கம்பெனி நல்லது செய்திருக்கிறது என்று நான் முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன். சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு ஆர்.ஓ. மிஷின் வைத்துக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டினோம். போட்டோ எடுத்தோம். கம்பெனி முத்திரையை மூன்று அடி உயரத்துக்குச் சுவரில் வரைந்தோம். அந்தப் போட்டோ எங்கள் ஆண்டறிக்கையில் முழுப் பக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

போன வருடம் மாசி மாதம் கிழக்குப் பகுதி பேனல்களில் மின்சாரம் குறையத் தொடங்கியது. முதலில் வயரைச் சந்தேகப்பட்டேன். பிறகு மிஷினை. அப்புறம் கழுவுகிற பெண்களைத் திட்டினேன். கடைசியில் நானே போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பேனல்கள் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. என்னோடு வந்த இளம் இன்ஜினீயர், மாதிரி எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றான். நான் விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். இந்த ஊரில் பிறந்தவனுக்கு உப்பைச் சொல்ல மதுரை எதற்கு?

நல்ல தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம், பேனலில் உப்பு பூக்கிறது என்றால் நடுவில் எவனோ கைவைத்திருக்கிறான். டிரைவர்கள் நாலு பேரையும் கழுவுகிற பெண்களையும் ஷெட்டுக்கு முன்னால் வரச் சொன்னேன்.

"எவன்யா உப்புத் தண்ணிய ஊத்துனது? இப்பவே சொல்லிட்டா நல்லது. போலீஸ் வந்து கேட்டா நல்லாருக்காது" என்று சத்தம் போட்டேன்.

மிரட்டலை முழுசாக முடிக்கக்கூட அவர் விடவில்லை.

"நான்தான் சார்" என்று மதார் பாய் முன்னால் வந்தார்.

நடந்தது இதுதான். காலையில் முதல் நடை வரும்போது மாவிலங்கேந்தல் திருப்பத்தில் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். பாய் லாரியை நிறுத்தி நாற்பது ஐம்பது குடம் பிடித்துக்கொள்ள விடுவார். ஆனால் எங்கள் வாசலில் செக்யூரிட்டி ஏறி மூடியைத் திறந்து, தொட்டி கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பான். அதனால் வாசலுக்கு வெளியே, கூலியாட்கள் குளிப்பதற்குப் போட்ட போர் குழாயில் குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரைப் பிடித்துக் கலந்துவிடுவார். கொஞ்சம்தானே, தெரியாது என்று நினைத்திருக்கிறார். வறட்சி ஏற ஏறக் குடம் கூடியது. குடம் கூடக் கூட உப்பும் கூடியது.

"எத்தன மாசமா?"

"மூணு மாசம் சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லய்யா?"

"கேட்டா இல்லம்பீங்க சார். இல்லன்னு சொன்ன பெறகு குடுத்தா திருட்டாயிரும்."

"கேக்காமக் குடுத்தாலும் திருட்டுதான்யா!"

"ஆமா சார்" என்றார் அமைதியாக. "அதத்தான் சபியாவும் தெனம் சொல்லிக்கிட்டிருக்கா. எனக்கும் தெரியுது. ஆனா காலி குடத்தோட நிக்கிறவுகளத் தாண்டி தண்ணி வண்டிய ஓட்டிக்கிட்டுப் போக எனக்கு வரல சார். அங்கன பாலைவனத்துல ஒட்டகம் நின்னாக்கூட நிறுத்தி ஊத்திட்டுத்தான் போவோம். இங்கன மனுசரு நிக்கிறாக."

எனக்கு இருந்த ஆத்திரத்தில் ஒட்டகம் ஒன்றுதான் காதில் விழுந்தது. என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இன்னும் கத்தினேன். நேரே அறைக்குப் போய், இந்த டிரைவரை இனி உள்ளே விடக் கூடாது என்று பாண்டீஸ்வரனுக்குக் கடிதம் தட்டினேன். கையெழுத்துப் போடப் போகும்போது முருகேஸ்வரி உள்ளே வந்தாள்.

"சார், அந்தக் காயிதத்துல எங்க பன்னெண்டு பேரு பேரையும் சேத்துப் போடுங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தண்ணி உப்பாயிருச்சுன்னு மொத நாளே எங்க கைக்குத் தெரியும். கழுவுறது நாங்கதான? தெரிஞ்சும் சொல்லல. பாய் குடுத்த நல்ல தண்ணிய வீட்ல பிள்ளைக குடிச்சிச்சு, சொல்ல மனசு வரல."

"ஒங்களுக்குத்தான் ஆர்.ஓ. மிஷின் வச்சுக் குடுத்திருக்கோமேம்மா!"

முருகேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இந்த இருபத்தாறு வருடத்தில் என் மனைவிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "மிஷினுக்குள்ள ஊத்துறதுக்குத் தண்ணி வேணும்ல சார்? நீங்க ரிப்பன் வெட்டுன அன்னைக்கு லாரியில கொண்டாந்து ஊத்துனீங்க. அதோட சரி" என்றாள்.

நான் பேனாவை மூடிவைத்தேன். இரக்கம் வந்து மூடினேன் என்று பெருமை பேச மாட்டேன். பன்னிரண்டு பேரும் போய்விட்டால் பேனலை யார் கழுவுவது என்ற பயம்தான். மறுநாள் காலை முதல் நடையில் நானும் மதார் பாயோடு லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

மாவிலங்கேந்தலில் இறங்கினேன். எங்கள் முத்திரை போட்ட கட்டடம் பூட்டிக் கிடந்தது. வாசலில் வெள்ளாடு ஒன்று படுத்திருந்தது. ஊர்ப் பொதுக் குழாயில் தண்ணீர் வந்தே ஒன்பது நாள் ஆயிற்று என்றார்கள். ஊருக்குக் கிழக்கே வறண்ட கண்மாய்க்குள் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண் உள்ளே இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பழுப்பு நிறத் தண்ணீர். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். மேலே பதினாலு குடங்கள் வரிசையில் இருந்தன. இந்த ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது என் வீடு. அங்கே கேன் தண்ணீர். இந்தக் குழியில் இறங்கி ஏறிய பெண்கள்தான் பகல் முழுக்க நல்ல தண்ணீரைக் குழாயால் பேனல் மேல் பீய்ச்சி அடித்தார்கள். அவர்களை நான் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினேன். வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது லாரியில் மதார் பாய்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். சொன்னா எனக்குத்தான் நட்டம். ரெண்டு மாசமா சொல்லுவோமா வேணாமான்னு மனசுக்குள்ளயே வச்சிருக்கேன்."

"சொல்லும்யா."

"அபுதாபில நான் கடைசியா ஓட்டுனது இந்த மாதிரி சோலார் பிளான்ட்டுக்குத்தான். மொதல்ல அங்கயும் தண்ணி ஊத்தித்தான் கழுவுனாக. பெறகு தண்ணியே இல்லாம மெத்துனு ஒரு பிரஷ்ஷ வச்சுத் தொடைக்க ஆரம்பிச்சாக. காஞ்ச தூசி அப்படியே போயிரும். மாசத்துக்கு ஒருக்கா தண்ணி காட்டுனாப் போதும். இங்கயும் அதச் செய்யலாம் சார். இந்தப் பிள்ளைகளே செஞ்சிரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். "அப்ப ஒம்ம லாரி?"

"அங்க அந்தப் பிரஷ்ஷு வந்துதான சார் என் வேலை போச்சு" என்றார். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சேவாய்யா சொல்றீர்?"

"பேனலுக்கு இந்தத் தண்ணி வேணாம்னா அவுகளுக்கு ஆகும்ல. நான் திருட்டுத்தனமா அம்பது குடம் குடுக்குறதவிட, நீங்க நேர்மையா ஒரு லாரி குடுக்கலாம். இஃப்ராவுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்கு. அதுக்கு அல்லா ஒரு வழி விடுவான்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். நிறுவனத்தின் இலக்கு, சமூகத்தின் நலம், இரண்டையும் இணைப்பது எப்படி என்று கலர் கலராகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கெல்லாம் ஏசியில் தூக்கம்தான் வந்தது. அந்த லாரியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. அபுதாபி வழக்கப்படி விடியற்காலையில் பிரஷ் போட்டோம். எங்கள் பக்கம் கடல் கிட்டத்தில் இருப்பதால் விடியும்போது பேனல் மேல் பனி ஈரம் இருக்கும். தூசி சேறாகிப் பூசிக்கொண்டது. இன்ஜினீயர் பையன் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். நான் மதார் பாயைத் திட்டப் போனேன். முருகேஸ்வரி குறுக்கே வந்து, "சார், ஈர மொளகாயவா கூட்டி அள்ளுவோம்? காய விட்டு அள்ளணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போட்டுப் பாப்போம். வெயிலும் எறங்கியிருக்கும், பேனலும் காஞ்சு கெடக்கும்" என்றாள். போட்டுப் பார்த்தோம். தூசி மாவு உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. பதினைந்து நாள், பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஒன்றுக்குப் பிரஷ், ஒன்றுக்குத் தண்ணீர் என்று வைத்துப் பார்த்தோம். மின்சாரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பெண்களுக்கு வேலையும் போகவில்லை, நேரம்தான் மாறியது. இதற்கு நடுவில் உப்புப் பூத்த பேனல்களை வினிகர் போட்டுத் துடைக்கப் பதினொரு நாள் ஆயிற்று. லாரி ஓடாத நேரத்தில் மதார் பாயும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே துடைத்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

சென்னை ஆபீஸுக்கு எழுதினேன். நான்கு லாரி வேண்டாம், ஒன்று போதும். அதுவும் பேனலுக்கு இல்லை, மாவிலங்கேந்தலுக்குத் தினமும் ஒரு நடை. மாதம் ஒருநாள் மட்டும் பேனலுக்கு. இப்படிச் செய்தாலும் கம்பெனிக்குப் பழைய செலவில் பாதிகூட ஆகாது. அங்கே ஒரு மேடம் போனில் வந்தார். திட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதைச் செலவைக் குறைத்த கணக்கில் காட்டுவதா, சமூகப் பணி என்று காட்டுவதா என்று இரண்டு துறைகளுக்குள் பேச்சு நடக்கிறது என்றார்.

"ரெண்டும் ஒண்ணாவே இருக்கக் கூடாதா மேடம்?" என்றேன்.

"அப்படி ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்ல மிஸ்டர் நாகநாதன்" என்றார். ஆனால் நல்ல மனுஷி. இரண்டே வாரத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் இங்கே என் நன்றி.

ஆர்.ஓ. கட்டடத்தைத் திறந்தோம். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதால் அந்த மிஷினுக்கு வேலையே இல்லை. தொட்டியும் வெளியே இருந்த நாலு குழாயும் மட்டும் உதவின.

இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாண்டீஸ்வரனுக்கு மூன்று லாரிகள் நின்றுபோயின. யாரால் நின்றன என்று அவருக்குத் தெரியாதா? மிச்சமிருந்த ஒரு லாரிக்குத் தன் மச்சினனை டிரைவராகப் போட்டார். மதார் பாயை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிரைவர் யார் என்பது காண்ட்ராக்டரின் விருப்பம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் நினைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எல்லாம் கூடிவரும் நேரத்தில் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு, கோபப்பட வேண்டிய நாளில் கோபம் வரவில்லை.

மதார் பாய் என் அறைக்கு வந்து சாவியை மேசையில் வைத்தார். "போயிட்டு வாரேன் சார். புது டிரைவர்ட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. மாவிலங்கேந்தல் திருப்பத்துல மெதுவா வரணும். ஆட்டுக்குட்டிக குறுக்க ஓடும்" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் லாரி தண்ணீரோடு அப்படியே திரும்பி வந்தது.

"யாரும் பிடிக்க மாட்டேங்குறாக சார். வேணாமாம்" என்றான் மச்சினன்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் லாரியோடு நானே போனேன். பெண்கள் கண்மாய்க் குழியில் பழையபடி சிரட்டையால் வழித்துக்கொண்டிருந்தார்கள். பேனல் வேலைக்கு மட்டும் ஒருவர்கூட நிற்காமல் வந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் எனக்கு விஷயம் பிடிபடவில்லை. முருகேஸ்வரியிடம் கேட்டேன். தாகமாக இருந்ததால் குடிக்கத் தண்ணீரும் கேட்டேன். இருக்கிற தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். நான் பதிலுக்கு, லாரியில் இருந்து நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"கம்பெனில வேல பாக்குறோம், கூலி வாங்குறோம். அது வேற சார். ஆனா மனத்தாங்கல் இருக்குற எடத்துல நாங்க கை நனைக்க மாட்டோம்."

நான் இந்த மண்ணுக்காரன். அவள் சொன்னது எனக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது. இந்தப் பக்கம் ஒரு வீட்டோடு மனஸ்தாபம் என்றால், கல்யாணமோ சாவோ எதுவானாலும் போய் நிற்பார்கள், செய்ய வேண்டியதைச் செய்வார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் சோறோ ஒரு மிடறு தண்ணீரோ எடுக்க மாட்டார்கள். அது தீராமல் தலைமுறை கடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மதார் பாயை நாங்கள் கைவிட்டதற்காக இந்த ஊர் எங்களோடு கை நனைப்பதை நிறுத்திவிட்டது.

அங்கேயே நின்று பாண்டீஸ்வரனுக்கு போன் போட்டேன். வராமல் இருந்த கோபம் மொத்தமும் வட்டியோடு வந்தது. குடிக்க ஆள் இல்லாத தண்ணீருக்குக் கம்பெனி காசு தராது, மதார் பாய் ஓட்டாவிட்டால் இந்த லாரியும் நாளையோடு நிற்கும், பிறகு உங்கள் மச்சினனை நீங்களே உட்கார வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் முணுமுணுத்தார். பிறகு, "யாரு ஓட்டுனா எனக்கென்ன சார்" என்றார்.

நேரே பெரியபட்டினம் போனேன். சபியாதான் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"கம்பெனிக்காக வந்தீகளா, அந்தப் பொம்பளைகளுக்காக வந்தீகளா?"

"எனக்காக வந்தேம்மா. அவரு போகும்போது நான் ஒரு வார்த்த சொல்லல. மூணு நாளா சோறு எறங்கல" என்றேன். அது உண்மை.

மதார் பாய் பள்ளிவாசலிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவருக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை லாரி மாவிலங்கேந்தலில் போய் நின்றதும், வால்வுப் பக்கம்கூடப் போகாமல் இறங்கி நேரே பெண்களிடம் போனார். பின்னாலேயே நானும் இறங்கினேன்.

"என்னம்மா வேல பாத்து வச்சிருக்கீக? தண்ணிய யாராச்சும் வேணாம்பாகளா? எம்புட்டுப் பாடுபட்டு வந்த தண்ணி! மூணு நாளு பச்சப் பிள்ளைகளுக்கு அந்தக் கலங்கலையா குடுத்தீக? எனக்கு ஒரு வேல இல்லாட்டி இன்னொரு வேல. என் ஒருத்தனுக்காக இப்படியா செய்வாக?"

முருகேஸ்வரி முன்னால் வந்தாள்.

"எங்களுக்காக நீங்க வேலைய விட்டீங்க. ஒங்களுக்காக நாங்க மூணு நாளு தண்ணிய விட்டோம். அவ்வளவுதான பாய். இதுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா?"

மதார் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார். "பிஸ்மில்லா" என்று சொல்லி வால்வைத் திறந்தார்.

முதல் செம்பைப் பிடித்து முருகேஸ்வரி அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்தார். அடுத்த செம்பை அவள் குடித்தாள். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு, லாரி நிழலில் தனியாக நின்ற என்னிடம் வந்தாள்.

"குடிங்க சார்" என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். அதற்குள் பின்னால் குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன.